கோதுமை வயலில் குல்லி டண்டா: முளைக்கும் முன்பே மடக்குவது எப்படி?

வேளாண்மை படித்துவிட்டு ஹரியானா, பஞ்சாப் பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நெல்லோடு வளர்ந்தவர்களுக்குக் கோதுமை வயலில் முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருக்கும். அங்கே முதலில் காதில் விழும் பெயர் குல்லி டண்டா, கோதுமைக்குள் வளரும் ஒரு புல்வகைக் களை. ஹரியானாவில் மண்டூசி என்பார்கள், புத்தகத்தில் பலாரிஸ் மைனர். இந்தியில் நம் கிட்டிப்புள் விளையாட்டுக்கும் இதே பெயர்தான். கதிரும் அந்த விளையாட்டின் சிறு கட்டையைப் போலக் குட்டையாக, நடுவில் பருத்துத்தான் இருக்கும். ஆனால் கதிர் தெரியும்போது காரியம் கெட்டிருக்கும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

நெல்லுக்குள் குதிரைவாலிப் புல் ஒளிந்துகொள்வதைப் போல, இது கோதுமைக்குள் ஒளிந்துகொள்ளும். என் முதல் பருவத்தில் களை என்று நினைத்துக் கைநிறையப் பிடுங்கினேன். வயல்கார பெரியவர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார், பாதி கோதுமை. ஒரு நாற்றை வேரோடு எடுத்து, தண்டின் அடியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். செந்நிறச் சாறு கசிந்தால் குல்லி டண்டா, பச்சையாக இருந்தால் கோதுமை. இன்னொரு சோதனையும் உண்டு. இலை தண்டைத் தழுவும் இடத்தைப் பாருங்கள். கோதுமைக்கு அங்கே மெல்லிய முடியோடு இரண்டு குட்டிக் காதுகள் இருக்கும். குல்லி டண்டாவுக்குக் காது கிடையாது, நீளமான வெள்ளைச் சவ்வு மட்டும்தான். இருபது செடி பிடுங்கிப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

பழைய மருந்து ஏன் தோற்றது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே களைக்கொல்லியை வருடா வருடம் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அதற்கு அசையாத செடிகள் ஹரியானாவில் பெருகின. சிலர் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட வேண்டிய நிலை வந்தது. 1990களின் இறுதியில் குளோடினாபாப், சல்போசல்பியூரான் என்ற புது மருந்துகள் வந்து காப்பாற்றின. அவற்றையும் அதே பாணியில் அடிக்க, பல இடங்களில் அவற்றுக்கும் பழகிக்கொண்டது. மருந்து கெட்டதென்று கடைக்காரரைத் திட்டுவதில் பொருளில்லை. தப்பிப் பிழைத்த செடியின் விதையை நாமே வளர்த்துவிட்டோம்.

விதைப்புக்கு முன்

சலித்த, களைவிதை கலக்காத கோதுமை விதையை வாங்குங்கள். முடிந்தால் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ விதைத்துவிடுங்கள். அப்போது மண்ணில் சூடு மிச்சமிருக்கும், குளிர் விரும்பியான இந்தக் களை குறைவாகவே முளைக்கும். உழாமல் நேரடியாக விதைக்கும் வயலிலும் முளைப்பு குறைகிறது. மண்ணைப் புரட்டாததால் ஆழத்தில் கிடக்கும் விதை மேலே வருவதில்லை.

விதைத்த 2 நாளுக்குள்

புதிய வழி என்று நான் சொல்வது இதைத்தான்: களை தலைகாட்டும் முன்பே மண்ணில் அடிப்பது. பைராக்சாசல்போன் 85 சதம் மருந்தை ஏக்கருக்கு 60 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கலாம். அல்லது பெண்டிமெத்தலின் 30 சதம், ஏக்கருக்கு 1.5 லிட்டர். இரண்டுக்கும் மண்ணில் பதமான ஈரம் வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்தால் காசுதான் கரையும். விதைக்கும்போதே பின்னால் மருந்தும் அடிக்கும் லக்கி சீட் டிரில் என்ற கருவி பஞ்சாபில் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள்.

புதியவர்கள் கோட்டைவிடுவது அளவில். ஒருமுறை வெறும் தண்ணீரை வைத்துச் சோதியுங்கள்:

1. 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள்.
2. தட்டையாக விசிறியடிக்கும் நாசிலை மாட்டி, வழக்கமான நடையில் அடியுங்கள். கூம்பு நாசில் வேண்டாம்.
3. செலவான தண்ணீரை 40ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. 5 லிட்டர் ஆகியிருந்தால் 200 லிட்டர், சரி. 3 லிட்டர்தான் என்றால் நீங்கள் ஓடுகிறீர்கள், நடையைக் குறையுங்கள்.

16 லிட்டர் ஸ்பிரேயருக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க் வரும். ஒவ்வொரு டேங்குக்கும் 4.8 கிராம் நிறுக்க யாராலும் முடியாது. 60 கிராமையும் தண்ணீரில் கரைத்து மொத்தம் 12.5 லிட்டர் ஆக்குங்கள். பாதி டேங்க் தண்ணீர், அதன்மேல் கரைசலில் 1 லிட்டர், மீதிக்குத் தண்ணீர். அடியில் படியும், அதனால் ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு மொண்டு ஊற்றுங்கள். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

முதல் தண்ணீருக்குப் பிறகு

விதைத்த 20 முதல் 25 நாளில் முதல் பாசனம். 30, 35 நாள் வாக்கில் வயலைச் சுற்றி வாருங்கள். தப்பியது நிறைய இருந்தால் மட்டும் இரண்டாவது மருந்து. பினாக்சடென் 5 சதம் ஏக்கருக்கு 400 மி.லி., அல்லது சல்போசல்பியூரான் 75 சதம் 13 கிராம். போன வருடம் எதை அடித்தீர்கள் என்று நோட்டைப் புரட்டி, வேறு வகையை எடுங்கள். கோதுமைக்குப் பின் மக்காச்சோளமோ சோளமோ போடுவதாக இருந்தால் சல்போசல்பியூரானைத் தொடாதீர்கள், மண்ணில் தங்கி அடுத்த பயிரை அடிக்கும். எதை வாங்கினாலும் பாக்கெட்டில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கலக்குங்கள்.

ஒரே வயலில் தொல்லை தீரவில்லை என்றால் ஒரு பருவம் கோதுமையை விட்டு பெர்சீம் தீவனம் போடுங்கள். அடிக்கடி அறுப்பதால் களைக்கு விதை வைக்க நேரம் இருக்காது.

கடைசியாக, கையால்

எல்லாம் செய்தும் அங்கொன்று இங்கொன்று நிற்கும். அந்தச் செடிகள்தான் மருந்துக்குப் பழகியவை. கோதுமை அறுவடைக்கு முன்பே அதன் விதை உதிர்ந்துவிடும், ஆகவே கதிர் பச்சையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வரப்பில் போடாதீர்கள். கட்டாகக் கட்டி மாட்டுக்குக் கொண்டுபோங்கள், நன்றாகவே தின்னும்.