பழைய நிலப் பத்திரத்தைச் சொல் சொல்லாகப் படிப்பது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் மடித்து வைத்திருக்கும் நிலப் பத்திரத்தை வீட்டார் பலர் ஒருமுறைகூட முழுதாகப் படித்திருப்பதில்லை. அதிலுள்ள சில சொற்கள் விளங்கிவிட்டால், அந்த நிலத்தில் நமக்கு இருப்பது எந்த உரிமை என்பது தெரிந்துவிடும். பத்திரத்தின் நகல் ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எழுதிக்கொடுத்தவர் யார், எழுதிவாங்கியவர் யார் என்று அடிக்கோடிடுங்கள். 'குமாரர்' என்றால் மகன். 'பாரியாள்' என்றால் மனைவி.

அடுத்து, பத்திரத்தின் வகையைப் பாருங்கள். இங்கே நிதானம் வேண்டும். கிரையம் என்பது முழு விற்பனை. போக்கியம் அல்லது ஒத்தி என்பது, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தை அனுபவிப்பது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் உரியவருக்கே மீளும். கிரைய ஒப்பந்தம் என்பது விற்பதாகச் செய்துகொண்ட உடன்பாடு மட்டுமே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவின்படி, அது தன்னளவில் நிலத்தின் மீது எந்த உரிமையையும் தருவதில்லை. உயில், எழுதியவர் காலமான பிறகுதான் செயலுக்கு வரும். அதுவரை அவர் அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

தலைப்பைப் பார்த்தும் ஐயம் தீரவில்லை என்றால், உள்ளே "தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்பது போன்ற வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள். விநிமயம் என்றால் பரிவர்த்தனை, விக்கிரயம் என்றால் விற்பனை, பாத்தியம் என்றால் உரிமை. ஆக, தானம் செய்யவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் தகுந்த முழு உரிமையோடு அனுபவிக்கலாம் என்பதே இதன் பொருள். போக்கியப் பத்திரத்தில் இந்த வாசகத்துக்கு இடமில்லை.

மூன்றாவதாக, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்துக்கு வாருங்கள். செக்குபந்தி என்றால் நான்கெல்லை. "வாய்க்காலுக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால், வாய்க்கால் நம் நிலத்துக்குத் தெற்கே இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள்; உண்மையில் நம் நிலம்தான் வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கிறது, வாய்க்கால் நமக்கு வடக்கெல்லை. வரப்புத் தகராறு வரும்போது இந்த ஓர் உருபுதான் பேசும் என்பதால், வயலில் நின்றுகொண்டே ஒவ்வொரு திசையையும் சரிபார்த்துவிடுங்கள். பரப்பு மா கணக்கில் இருந்தால், 100 குழி 1 மா, அதாவது ஏறத்தாழ 33 சென்ட்; 20 மா 1 வேலி. பட்டாவில் ஹெக்டேர் கணக்கு வரும், அதில் 0.40.5 என்றால் 1 ஏக்கர்.

பிறகு புல எண்ணையும் உட்பிரிவையும் பட்டாவோடு ஒப்பிடுங்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. கிரையப் பத்திரத்துக்கு அது ஈடாகாது. வில்லங்கச் சான்றில், நாம் கேட்ட காலத்துக்குள் பதிவான விற்பனை, அடமானம் முதலியவை வரும். வாய்மொழியாக விட்ட குத்தகை அதில் வராது. நம் டெல்டாவில் குத்தகைச் சாகுபடி மிகுதி என்பதால் நிலம் வாங்குவோர் இதைத் தவறவிடக் கூடாது: 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பராமரிக்கப்படும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் யார் பெயராவது இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள், வயலில் இறங்கி உழுகிறவரையும் நேரில் கேளுங்கள்.