இங்கிலாந்துக் குளிரில் நில ஆமை வளர்ப்பது எப்படி? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

5 டிகிரி குளிரில் ஒரு ஹெர்மன் ஆமை பத்திரமாகத் தூங்கும். முதுகில் 30 டிகிரி வெயில் பட்டால் எழுந்து ஓடியாடித் தின்னும். நடுவில் 12 டிகிரி என்று ஒன்று இருக்கிறதே, அங்கேதான் ஆபத்து. அந்த இரண்டுங்கெட்டான் சூட்டில் ஆமையால் ஆழ்ந்து தூங்கவும் முடியாது, தின்றது செரிக்கவும் செய்யாது. வயிற்றில் கிடக்கும் இலை புளிக்கத் தொடங்கும். நோயை எதிர்க்கும் சக்தி குறையும். மூக்கு ஒழுகும்.

இங்கிலாந்தின் வசந்தமும் இலையுதிர்காலமும் பெரும்பாலும் இந்த 12 டிகிரிதான். கோடையில்கூடச் சில வாரங்கள் அப்படிப் போகும். ஆகவே கீழே சொல்லும் எல்லா வேலையும் ஆமையை அந்த நடுச் சூட்டிலிருந்து வெளியே வைப்பதற்குத்தான். நன்றாகச் சூடு, இல்லையென்றால் நன்றாகக் குளிர்.

1. எந்த ஆமை?

ஊரில் பார்த்த பாசத்தில் நம்மவர்கள் முதலில் கேட்பது நட்சத்திர ஆமையைத்தான். வேண்டாம். அது குளிர்கால உறக்கம் கொள்ளாத இனம். பன்னிரண்டு மாதமும் அதற்கு வெப்பம் வேண்டும், அப்படியென்றால் வருடத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள் விளக்கடியில்தான் வாழும். கடத்தல் வேறு. சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். இந்தியாவில் இதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 2019-இல் இதை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க ஆமையும் வேண்டாம். கடையில் உள்ளங்கையில் அடங்கும், வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதுவும் குளிரில் தூங்காது.

தொடங்குபவருக்கு இரண்டு இனங்கள் பொருந்தும். ஒன்று ஹெர்மன் ஆமை, ஸ்பெயினிலிருந்து பால்கன் நாடுகள் வரை வாழ்வது. இன்னொன்று ஹார்ஸ்ஃபீல்டு ஆமை, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் வாழ்வது. (1968 செப்டம்பரில் சோவியத்தின் ஸோண்ட் 5 கலத்தில் நிலவைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பிய இரண்டு ஆமைகள் இந்த இனம்தான். ஆனால் அவ்வளவு கெட்டியான ஆள் என்று நம்பி ஈர மண்ணில் விட்டுவிடாதீர்கள், அது வறண்ட குளிருக்குப் பழகியது.) இரண்டும் வளர்ந்தால் ஏறக்குறைய 15 முதல் 20 செ.மீ. நீளம். ஐம்பது வருடம் தாண்டி வாழக்கூடியவை, அதனால் உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

முடிந்தால் மூன்று நான்கு வயதான ஆமையாக வாங்குங்கள். குஞ்சு அழகுதான், ஆனால் அதன் உடம்பில் தப்புக்கு இடமில்லை.

2. சான்றிதழ்

மத்தியதரைக்கடல் ஆமைகளை லட்சக்கணக்கில் இறக்குமதி செய்து விற்ற நாடு இது. 1984-இல் அந்த வியாபாரத்துக்குத் தடை வந்தது. இன்று ஹெர்மன் ஆமையை விற்பவர், அதை விற்க அனுமதிக்கும் 'ஆர்ட்டிகிள் 10' சான்றிதழ் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் "அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் வாங்காதீர்கள். ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

3. வீட்டுக்குள் மேசை

கண்ணாடித் தொட்டி வாங்க வேண்டாம். காற்று ஓடாது, முழுத் தொட்டியும் ஒரே சூடாகிவிடும், ஆமையும் கண்ணாடி தெரியாமல் நாள் முழுக்க அதில் முட்டிக்கொண்டிருக்கும். மேலே திறந்த மரப்பெட்டிதான் நல்லது. இங்கே அதை ஆமை மேசை என்கிறார்கள். குறைந்தது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் இருக்கட்டும். பழைய புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்க வைத்தும் செய்யலாம். கீழே மருந்தோ உரமோ கலக்காத மண்ணும், குழந்தைகள் விளையாடும் மணலும் கலந்து, ஆமை புதையும் அளவுக்கு ஆழமாகப் போடுங்கள்.

விளக்குதான் உயிர். ஆமைக்கு இரண்டு வேண்டும்: சூடு, புற ஊதா பி கதிர். சூடு மேலிருந்துதான் வர வேண்டும். வெயில் மேலிருந்து வருவது என்றுதான் ஆமையின் உடம்புக்குத் தெரியும், அடியில் வைக்கும் வெப்பப் பாயில் வயிறு வெந்தாலும் அது நகராது. பெட்டியின் ஒரு மூலையில் சூட்டு விளக்கைத் தொங்கவிட்டு, ஆமையின் முதுகு உயரத்தில் 30 முதல் 35 டிகிரி வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். மறுமூலை 20 டிகிரி அளவில் இருக்கட்டும். எங்கே உட்கார வேண்டும் என்று அது முடிவு செய்துகொள்ளும். விளக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும். இரவில் அணைத்துவிடலாம், சாதாரண வீட்டுச் சூடு போதும்.

புற ஊதா பி விஷயத்தில் நமக்கே அனுபவம் இருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்குள்ள வெயிலில் வைட்டமின் டி உருவாகாது என்று சொல்லித்தானே என்.ஹெச்.எஸ். மாத்திரை போடச் சொல்கிறது? அதே கதைதான். கதிர் இல்லாவிட்டால் கால்சியம் ஓட்டில் சேராது, ஓடு மெத்தென்று அமுங்கும். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். புற ஊதா பி கதிர் தரும் டி5 வகைக் குழல் விளக்கு வாங்கி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், கதிர் தீர்ந்திருக்கும்.

ஆமை புகுந்த வீட்டுக்கு அமீனா வராவிட்டாலும் கரன்ட் பில் வரும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் சும்மா நடக்கவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சென்ட்ரல் ஹீட்டிங் போட்ட வீட்டிலும் தரையோரம் குளிர்காற்று ஓடும். தலைமுடி, நூல், பிளாஸ்டிக் துணுக்கு எதையும் அது விழுங்கிப் பார்க்கும். வேண்டாம்.

4. தோட்டத்தில் ஒரு சூடான அறை

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆமை வெளியே இருக்கலாம், தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு. ஆனால் புல்தரையில் நான்கு பலகை நட்டுவிட்டால் அது வெளியில் வளர்ப்பது ஆகாது. ஜூன் மாதத்திலும் இங்கே காலை எட்டு மணிக்கு மண் ஜில்லென்றிருக்கும். ஆமை அசையாமல் கிடக்கும், நாம் அமைதியான பிராணி என்று மெச்சிக்கொள்வோம்.

கோல்டு ஃபிரேம் என்று தோட்டக் கடையில் விற்கும், நாற்று வளர்க்கும் சிறிய மூடிய பெட்டி ஒன்று வாங்குங்கள். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் போட்டதாக இருக்கட்டும். தோட்டத்தில் வெயில் அதிகம் விழும் மூலையில், ஆமை வேலிக்குள் வாசல் திறக்கும்படி வையுங்கள். இளவெயிலிலும் உள்ளே வெளியைவிட நல்ல சூடு ஏறும். மேகமூட்டமான நாளுக்கென்று உள்ளே ஒரு சூட்டு விளக்கு, குளிரும் இரவுக்கென்று தெர்மோஸ்டாட்டோடு ஒரு டியூப் ஹீட்டர். வெளியே மின்சாரம் இழுக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இதன் பலன் சீக்கிரம் தெரியும். காலையில் உள்ளே சூடேறி வெளியே போகும், மேயும், குளிர்ந்ததும் தானே திரும்பி வரும். பாலிகார்பனேட் புற ஊதா பி கதிரைத் தடுக்கும், ஆனால் வெளியே போய்வரும் ஆமைக்கு அது பிரச்சினை இல்லை. கடும் வெயில் நாளில் மூடியைத் திறந்து வைக்க மறக்காதீர்கள், மூடிய பெட்டி சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும்.

வேலி கம்பி வலையாக இருக்கக் கூடாது, கெட்டிப் பலகையாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் தெரிந்தால் நாள் முழுக்க முட்டும், வலையென்றால் ஏறியும் விடும். ஹார்ஸ்ஃபீல்டு ஆமை தோண்டுவதில் மன்னன், அதனால் ஓரத்தில் சிமெண்ட் கல்லை மண்ணுக்குள் புதையுங்கள். இரவில் பெட்டியைப் பூட்டுங்கள், நரியும் எலியும் வரும்.

5. சாப்பாடு

இது எளிது. களைதான் உணவு. டான்டெலியன், பிளான்டெய்ன் (வாழையல்ல, அந்தப் பெயருள்ள களை), சோ திஸில், குளோவர், மால்லோ எல்லாம் தெருவோரத்திலேயே வளரும், மருந்து அடிக்காத இடமாகப் பார்த்துப் பறியுங்கள். சப்பாத்திக்கள்ளி மட்டையை முள் சீவிக் கொடுக்கலாம். செம்பருத்தி இலை, பூ இரண்டும் பிடிக்கும். குளிர்காலத்தில் விழித்திருக்கும் ஆமைக்குக் கடையில் கிடைக்கும் லாம்ப்ஸ் லெட்டஸ், சிக்கரி கைகொடுக்கும்.

தமிழ்க் கடையில் வாங்கும் பாலக், தண்டுக்கீரை இரண்டிலும் ஆக்ஸலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தினசரி உணவாக வேண்டாம். பழம், தக்காளி, சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம், பாட்டி எவ்வளவு ஆசையாக நீட்டினாலும். டாஃபடில், ஃபாக்ஸ்குளோவ், ரோடோடென்ட்ரான் விஷம். உணவின் மேல் கால்சியம் பொடியை வாரம் சில நாள் தூவுங்கள், ஒரு கணவாய் ஓட்டையும் பெட்டியில் போட்டுவையுங்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான நீரில், தாடை மூழ்காத ஆழத்தில், கால் மணி நேரம் உட்கார வையுங்கள். ஆமை அப்போதுதான் நிறையக் குடிக்கும். அதற்கென்று தனித் தட்டு இருக்கட்டும். சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டாதீர்கள், ஆமையிடம் சால்மொனெல்லா இருக்கக்கூடும். தொட்டபின் கை கழுவுங்கள்.

6. குளிர்காலம்: ஃபிரிட்ஜா, விளக்கா?

இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். தூங்கவைப்பது என்றால் முழுசாகத் தூங்கவையுங்கள். இல்லையென்றால் மேசையில் விளக்கடியில் கோடைபோலவே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம், நோயுற்ற ஆமை, எடை குறைந்த ஆமை என்றால் விளக்குதான் சரி. அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு கராஜில் வைப்பது பழைய பழக்கம். ஜனவரியில் ஒரு நாள் 13 டிகிரி, அடுத்த நாள் உறைபனி என்று ஆடும் கராஜில் அது சூதாட்டம். உறைநிலைக்குக் கீழே போனால் கண் பறிபோகும், 10 டிகிரிக்கு மேலே ஏறினால் விழித்துச் சேமிப்பைக் கரைக்கும்.

அதனால்தான் ஃபிரிட்ஜ். ஆமாம், சாதாரண ஃபிரிட்ஜ்தான், ஐஸ் அறை இல்லாதது. உணவு வைக்காத தனி ஃபிரிட்ஜ் ஒன்று இதற்காக வேண்டும். உள்ளே 5 டிகிரி இருக்க வேண்டும், 3-க்குக் கீழேயும் 7-க்கு மேலேயும் போகக் கூடாது. தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கினால் சூடு ஏறி இறங்காது. ஆமை வைப்பதற்கு முன் இரண்டு வாரம் தெர்மாமீட்டரோடு வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள்.

கோடை முடிவில் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எடை, வாய், மூக்கு பார்த்து, மலத்தில் புழு இருக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள். எல்லா கிளினிக்கிலும் ஆமை தெரிந்தவர் இருக்க மாட்டார், முன்பே போனில் கேளுங்கள்.

அவர் சரி என்றால் அக்டோபர் கடைசியில் உணவை நிறுத்துங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த ஆமைக்கு இரண்டு மூன்று வாரம், பெரியதற்கு மூன்று நான்கு வாரம். வயிறு காலியாக வேண்டும், ஆனால் உடம்பில் நீர் நிறைந்திருக்க வேண்டும். எனவே தினமும் குளியல் உண்டு. விளக்கு நேரத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் அணையுங்கள். பட்டினி போட மனசு கேட்காமல் ஒரு இலை கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள், அந்த இலைதான் உள்ளே அழுகும்.

பிறகு மண் போட்ட, காற்றோட்டத் துளையுள்ள டப்பாவில் வைத்து, எடையைக் குறித்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். தினமும் ஒருமுறை கதவைத் திறந்து மூடினால் காற்று மாறும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மாதத்துக்கு ஒரு சதவீதம் குறைவது இயல்பு. மொத்தம் பத்து சதவீதத்தை நெருங்கினாலோ, டப்பாவில் சிறுநீர் கழித்திருந்தாலோ உடனே எழுப்பிவிடுங்கள். இளம் ஆமைக்கு முதல்முறை நான்கு முதல் ஆறு வாரம் போதும். வளர்ந்ததற்கு மூன்று மாதம் அளவு.

7. எழுப்புவது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் அறைச் சூட்டில் வையுங்கள். அசையத் தொடங்கியதும் வெதுவெதுப்பான குளியல், பிறகு முழு வெளிச்சத்தோடு சூட்டு விளக்கு. உணவைவிட நீர்தான் அவசரம். மூன்று மாதம் உடம்பில் தேங்கிய கழிவெல்லாம் வெளியேற வேண்டும், அதனால் முதல் வாரம் தினமும் குளிப்பாட்டுங்கள்.

பெரும்பாலும் சில நாளில் தின்னத் தொடங்கிவிடும். ஒரு வாரமாகியும் தின்னாவிட்டால், மூக்கில் குமிழி வந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போங்கள். வெளியே இன்னும் பிப்ரவரிதான் என்பதால் ஒருநாள் இளவெயில் அடித்தது என்று தோட்டத்தில் விட்டுவிடாதீர்கள். இரவிலும் கோல்டு ஃபிரேமுக்குள் சூடு நிற்கும் காலம் வரும்வரை மேசைதான் அதன் வீடு.