செங்காந்தள் கிழங்கின் நுனி பத்திரம்

செங்காந்தள் வளர்க்க ஆடி மாதமே நல்ல நேரம். கலப்பை போல வளைந்த அதன் கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைப்பது அரிது. குழந்தையைத் தூக்குவது போலக் கையாளுங்கள். தண்ணீர் தேங்காத செம்மண்ணில் 3 அங்குல ஆழத்தில் படுக்கைவாட்டில் நடுங்கள். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், ஆகவே குச்சியோ கம்பிவலையோ அவசியம்.

பூத்து ஓய்ந்து கொடி காய்ந்ததும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது; அப்போது நீர் ஊற்றினால் அழுகிவிடும்.

முக்கியமாக ஒன்று: இதிலுள்ள கால்சிசின் என்ற வேதிப்பொருள் மருந்தாகிறது என்றாலும், கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். குழந்தைகள், ஆடுமாடுகள் எட்டாத இடத்தில் வையுங்கள், கையுறை அணிந்தே தொடுங்கள்.