மனோன்மணீயத்துக்கு பாத்திரப்படைப்பு கட்டுரை எழுதுறது எப்படி

பாண்டிய ராஜா சீவகன் நல்லவன், மந்திரி குடிலன் கெட்டவன், நாராயணன் விசுவாசின்னு ஆளுக்கு ஒரு லேபிள் ஒட்டிட்டு வந்துடாதீங்க, அதுக்கு நாடகமே படிக்க வேணாம், நோட்ஸ் போதும். சுந்தரம் பிள்ளை 1891ல எழுதின இந்த நாடகத்துல 5 அங்கம், 20 களம். படிக்கறப்பவே பென்சில் வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தரும் எந்த எடத்துல 'இதுவா அதுவா'ன்னு நின்னு ஒண்ண முடிவு பண்றாங்கன்னு மட்டும் மார்க் பண்ணுங்க. மத்தவங்க அவங்கள புகழறது, திட்டறதெல்லாம் அப்புறம்.

சீவகனையே எடுத்துக்குங்க. மக மனோன்மணி கல்யாணத்தப் பேச சேரநாட்டுக்கு நடராசனை தூது அனுப்புன்னு குரு சுந்தர முனிவர் சொல்றாரு, அவர்மேல மரியாதையும் இருக்கு, ஆனா குடிலன் பேச்சக் கேட்டு அவன் பையன் பலதேவனை அனுப்பிடறான். அவன் போயி கல்யாணப் பேச்சோட நாஞ்சில்நாடு யாருக்குங்கற விவகாரத்தையும் சேத்துக் கிளறிவிட, கடைசில போரே வந்துடுது. ராஜா மனசுல துளி கெட்ட எண்ணம் கெடையாது, மகமேல பாசம், மந்திரிமேல நம்பிக்கை, அவ்ளோதான். அதே நம்பிக்கைதான் பின்னாடி, தனக்காகவே நிக்கற நாராயணனை கழுவேத்தச் சொல்ற வரைக்கும் போகுது. அதனால நிறை, குறைன்னு ரெண்டு தலைப்பு போட்டுப் பிரிக்காதீங்க, இந்த ஆள் கைல சிக்கவே மாட்டான். நம்பறான், அதனால நல்லவன், நம்பறான், அதனாலயே கெடறான், ரெண்டையும் ஒரே பாராவுல எழுதுங்க.

குடிலனுக்கு வழி வேற. சபைல பேசறதையும், தனியா இருக்கறப்ப தனக்குள்ள பேசிக்கற தனிமொழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. பொறுமை, புத்தி, எதிராளி மனசப் படிக்கற சாமர்த்தியம் எல்லாம் இருக்கு, நல்ல மந்திரிக்கு வேண்டிய சரக்குதான். ஆனா தன்ன மாதிரியே எல்லாரும் விலைக்கு வருவாங்கன்னு ஒரு கணக்கு. கோட்டைக்குள்ள போற சுரங்க வழிய காட்டிக்குடுத்தா சேர ராஜா புருடோத்தமன் கூட்டு சேந்துப்பான்னு போறான், அவனோ இவனுக்கு விலங்கு மாட்டி இழுத்துட்டு வர்றான். இந்த எடத்த விட்டுட்டு குடிலனைப் பத்தி எழுதவே எழுதாதீங்க.

நாராயணன் உண்மையத்தான் சொல்றான், ஆனா வேடிக்கையா, குத்தலா சொல்றான், ராஜா காதுல ஏறல. நேர்மை மட்டும் இருந்து என்ன பண்றதுன்னு ஒரு வரி எழுதினா போதும்.

அதிகமா எழுத வேண்டியது மனோன்மணியையும் அவ தோழி வாணியையும் சேத்து வச்சு. வாணி நடராசனை விரும்பறவ, காசுக்காக பலதேவனுக்குக் கட்டிவைக்கப் பாக்கற அப்பன் சகடன்கிட்ட முடியாதுன்னு நிக்கறா. மனோன்மணி, கனவுல பாத்தவன மனசுல வச்சுக்கிட்டே, அப்பாவோட நெலமையப் பாத்து அதே பலதேவனுக்கு சரின்னு தலையாட்டறா, அப்பவும் வாணி நடராசன் கல்யாணத்துக்கு வழி கேக்கறா. இது தியாகமா, இல்ல அப்பாவோட தப்புக்கு துணை போறதா? ஒரு பக்கம் நின்னு வாதாடுங்க, என் ஓட்டு வாணிக்குத்தான்.

எந்தப் பக்கம் நின்னாலும் அங்கம், களம் நம்பர் போட்டு ரெண்டு அடி மேற்கோள் குடுங்க. பலதேவனுக்கு நாலு வரி தாண்ட வேணாம், அப்பன் நிழல்லயே ஓடற பய.