கருங்கல் என்பது ஒரு கல் அல்ல: கையில் இருக்கும் கல்லை வீட்டிலேயே இனம் காண்பது

பல்லாவரம் பக்கம் உடைத்த ஜல்லி, மேலூர்க் கல்தூண், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் சமையல் மேடைப் பலகை. மூன்றையும் கருங்கல் என்றுதான் சொல்கிறோம். நிலவியல் கணக்கில் முதலாவது சார்னோக்கைட், இரண்டாவது நைஸ், மூன்றாவது பெரும்பாலும் டோலரைட். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். சமையலறைத் தராசும் ஓர் ஆணியும் இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

தேவையானவை: சுத்தியல், நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், இரும்பு ஆணி, செம்புக் கம்பி, கண்ணாடித் துண்டு, வினிகர், காந்தம், 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, பளபளப்பு ஏற்றாத டைல்ஸ் துண்டு (சாதாரண டைல்ஸின் பின்புறமே போதும்).

முதலில் கல்லை உடையுங்கள். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலை நம்பவே கூடாது. கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறி வெளுத்துப்போகும், இரும்புச் சத்து துருவேறிச் சிவக்கும். வெளியே பழுப்பாகக் கிடக்கும் சார்னோக்கைட்டை உடைத்தால் உள்ளே எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை. நட்ட நடுவில் அடித்தால் சுத்தியல்தான் எகிறும், அதனால் கல்லின் ஓரத்தில் அடியுங்கள். சாக்கால் மூடிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு அடிப்பது நல்லது. சில்லு கண்ணுக்குத்தான் வரும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கல்லின் கடினத்தன்மை. 1812இல் ஃப்ரெடரிக் மோஸ் வகுத்த 1 முதல் 10 வரையிலான அளவு இன்றும் புழக்கத்தில் உள்ளது. நகம் 2.5, செம்பு ஏறக்குறைய 3, ஆணியும் கண்ணாடியும் 5.5 அளவில். நகத்தால் கீறியே கல்லில் கோடு விழுந்தால் மாக்கல்லோ ஜிப்சமோ. ஆணியால் கீறினால் விழுந்து நகத்தால் விழாவிட்டால் சுண்ணாம்புக்கல் போன்றவை. ஆணிக்கு மசியாமல் கண்ணாடியைக் கீறினால் ஃபெல்ட்ஸ்பார் அல்லது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ். பழைய பாடநூல்கள் நாணயத்தால் கீறச் சொல்லும். நம் ஒரு ரூபாய் இப்போது துருப்பிடிக்காத எஃகு, அதை வைத்துச் செம்பின் கடினத்தைச் சோதிக்க முடியாது. கம்பியையே எடுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். கல்லில் பளிச்சென்று கோடு விழுந்தால் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். அழிந்துபோனால் கீறப்பட்டது கல் அல்ல, ஆணியின் இரும்புதான் கல்லில் ஒட்டியிருக்கிறது. மணற்கல்லில் ஆணி பட்டதும் பொலபொலவென்று உதிரும், மென்மையான கல் என்று தோன்றும். உதிர்ந்த மணலைக் கண்ணாடியில் தேயுங்கள், கீறல் விழும். ஆக, மென்மையானது மணல் மணி அல்ல, மணிகளை ஒட்டிவைத்த பசைதான்.

அமிலச் சோதனைக்கு வினிகர் போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். காய்ந்த கல்லில் சொட்டுவிட்டால் துளைகளிலிருந்து வெறும் காற்றே குமிழாக வரும். அதனால் முதலில் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டு, பிறகு வினிகர் விட்டு ஒரு நிமிடம் லென்ஸில் பாருங்கள். விடாமல் குமிழ் வந்தால் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் இருக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் இது நன்றாகத் தெரியும். கால்சைட்டுக்கு உறவான டோலமைட்டைப் பொடித்தால்தான் பொங்கும். இடிபாட்டுக் கல்லில் ஒட்டிய சிமெண்டும், வயல் கல்லின் மேல் படிந்த சுக்கானும் (சுண்ணாம்புப் படிவு) பொங்கும் என்பதை மறக்க வேண்டாம், உடைத்த முகத்தில்தான் சொட்டுவிட வேண்டும். சேலத்து வெள்ளைக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் சாக் (சுண்ணக்கட்டி) மலை என்று பெயர் வைத்தார்கள். அந்த வெள்ளை சாக் அல்ல, மாக்னசைட். வினிகருக்கு அசையாது.

எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லித்தருவது அடர்த்தி. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கல்லை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கன சென்டிமீட்டரில் கல்லின் கன அளவு. உலர் எடையை அதனால் வகுக்க வேண்டியதுதான். 318 கிராம் கல்லுக்குத் தராசு 118 காட்டினால் அடர்த்தி 2.69.

கல் அடியைத் தொட்டால் தராசு அதிகம் காட்டும், விடை குறையும். ஒட்டிய குமிழ்களை விரலால் தட்டிவிடுங்கள். செம்புரைக்கல், மணற்கல் போன்ற துளையுள்ளவை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், தராசின் எண் நிலைக்காது. அவற்றுக்கு இந்த வழி சரிவராது. கல் சிறியதாக இருக்கவும் கூடாது. 50 கிராம் குவார்ட்ஸில் தராசு 1 கிராம் தவறினாலே விடை 2.5 முதல் 2.8 வரை ஊசலாடும். 300 கிராம் எடுத்தால் 2.63க்கும் 2.68க்கும் நடுவில் நிற்கும்.

இனி அந்த மூன்று கருங்கல். நைஸில் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும், கறுப்புப் பட்டையில் காக்காய்ப்பொன் மினுங்கும், அடர்த்தி 2.65ஐ ஒட்டி இருக்கும். சார்னோக்கைட்டில் வெள்ளையாக இருக்க வேண்டிய குவார்ட்ஸே நீலச்சாம்பல், ஃபெல்ட்ஸ்பாரும் பசுமை படர்ந்தது. அதனால்தான் முழுக்கல்லும் இருண்டு தெரிகிறது. பெரும்பாலும் 2.7 அளவில் வரும். நீலகிரியும் கொல்லிமலையும் இந்தக் கல்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைத்தான் வைத்தார்கள். நிலவியலாளர் டி. எச். ஹாலண்ட் 1893இல் அதை ஆராய்ந்து சார்னாக்கின் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். டோலரைட் நுண்மணிக் கல், லென்ஸில் சிறு குச்சிகள் பின்னிக் கிடப்பது தெரியும், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் மணி கண்ணில் படாது, அடர்த்தி 3ஐத் தொடும். கறுப்பு மிகுந்த சார்னோக்கைட்டும் 2.9 வரை போகும். அப்போது மணியின் பருமனைப் பார்த்துத் தீர்மானியுங்கள், சார்னோக்கைட் மணிகள் பெரியவை.

கனத்த கல்லாக இருந்தால் காந்தமும் டைல்ஸும். சேலம் கஞ்சமலைக் காந்தக்கல் காந்தத்தை இழுக்கும், டைல்ஸில் தேய்த்தால் கறுப்புக் கோடு. ஹெமடைட் செம்பழுப்புக் கோடு போடும். உடைத்த முகத்தைத் துடைத்துவிட்டுக் காந்தம் வையுங்கள், சுத்தியலின் இரும்புத் தூளும் ஒட்டும்.

திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்களும் பரங்கிமலைச் சார்னோக்கைட்டும் காரை ஓடைநிலமும் தேசிய நிலவியல் சின்னங்கள். அங்கே லென்ஸோடு போங்கள், சுத்தியலும் பையும் வீட்டிலேயே இருக்கட்டும். மற்ற இடங்களில் எடுத்த கல்லில் ஒரு பொட்டு வெள்ளை பெயிண்ட் வைத்து, அதன்மேல் எண் எழுதி, நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஊர், தேதி, பாறையிலிருந்து உடைத்ததா கீழே கிடந்ததா என்று குறித்துவையுங்கள். சாலையோரத்தில் கிடந்தது என்றால் லாரியில் வந்த கல்லாகவும் இருக்கலாம்.