பாட்டியின் பொத்தானுக்கு ஒரு குட்டி ரிசீவர்

பாட்டிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து முன்னறையில் படுக்கை. அம்மா பின்கட்டு அடுப்படியில். குக்கரும் காற்றாடியும் டிவியும் ஒன்றாக ஓடினால் பாட்டி கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. கோலாலம்பூர் செந்தூல் பக்கம் எங்களுடையது நீளமான டெரஸ் வீடு, நடுவில் மூன்று சுவர். கடையில் வாங்கிய வயர்லெஸ் பெல், பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்தாலும் அடித்தது. பாட்டி ரிமோட்டை அழுத்தினால் அடுப்படியில் பஸர் அடிக்கிற மாதிரி நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. அதில் இரண்டு வாரம் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஈயம் வைக்கத் (சால்டரிங்) தெரியும், ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் ஒரு எல்இடியையாவது மினுக்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ஜாலான் பாசாருக்கு ஒரு நடை போனால் எல்லாம் கிடைக்கும்: 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் மாட்யூல், ஈவி1527 சில்லு உள்ள நாலு பொத்தான் ரிமோட், நானோ, ஒரு துண்டு வெரோபோர்டு (ஈயம் வைக்கத் துளையிட்ட பலகை), பஸர், பீசோ தட்டு (சின்ன ஒலித் தகடு), பிசி547 டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர்.

மாட்யூலில்தான் கவனம். டிரான்ஸ்மிட்டரோடு ஜோடியாக, மிக மலிவாக ஒரு பச்சைப் பலகை விற்பார்கள். அது சூப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. வாங்காதீர்கள். ஆர்எக்ஸ்பி6 போன்ற சூப்பர்ஹெட் (சூப்பர்ஹெட்டரோடைன்) மாட்யூல் கேளுங்கள், சில ரிங்கிட்தான் கூட. ஒரு வேடிக்கை: இரண்டுமே எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற ஒரே அமெரிக்கரின் தலையில் உதித்தவை. சூப்பர்ஹெட் 1918, சூப்பர் ரீஜெனரேட்டிவ் 1922. இந்த வேலைக்கு மூத்ததுதான் தேவலை. இளையது பாகம் குறைவு, விலை குறைவு, ஆனால் காது ரொம்ப அகலம். தன் அலைவரிசைக்கு அக்கம்பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துக் கேட்கும். நானோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ், அதன் மடங்குகளிலும் கொஞ்சம் இரைச்சல் கக்கும். அதை 27-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 432. நம் ரிமோட் பேசுவது 433.92-இல். பச்சைப் பலகையை நானோவின் மடியில் வைத்தால் அது பாட்டியைக் கேட்குமா, நானோவைக் கேட்குமா?

ஆன்டெனா

ஒளிவேகம் 300-ஐ (நொடிக்கு மில்லியன் மீட்டரில்) 433.92-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 69 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 17.3. பழைய லேன் கேபிளைக் கிழித்து ஒற்றைக் கம்பி ஒன்றை எடுத்து அந்த நீளத்துக்கு வெட்டி, ஏஎன்டி என்று போட்டிருக்கும் காலில் ஈயம் வையுங்கள். நேராக நிற்கட்டும். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று சுருட்டி வைக்காதீர்கள். மாட்யூலோடு இனாமாக வரும் ஸ்பிரிங்கை நான் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவேன்.

நிரல் எழுதும் முன் காதால் கேளுங்கள்

இங்கேதான் நான் விழுந்தேன்.

மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுத்து, டேட்டா காலை நானோவில் சேர்த்துப் பார்த்தால், பொத்தானை யாரும் தொடாதபோதே திரையில் எண்கள் கொட்டின. மாட்யூல் பழுது என்று முடிவு கட்டி இன்னொன்று வாங்கினேன். அதுவும் கொட்டியது. மூன்றாவது வாங்கப் போனபோது கடை முதலாளி தவுக்கே சிரித்தார். "மாட்யூல் நல்லாத்தான் இருக்கு, அது சும்மா இருக்கும்போது சத்தம் போடும்" என்றார். உண்மை. சிக்னல் வராத நேரத்தில் ரிசீவர் தன் பெருக்கத்தை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு காத்திருக்கும். அப்போது வெறும் இரைச்சலையே ஒன்று, சுழியம் என்று வெட்டி டேட்டா காலில் தள்ளும். அது அதன் சுபாவம்.

ஆகவே முதலில் நானோவை ஒதுக்கி வையுங்கள். டேட்டா காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு பீசோ தட்டைச் சேருங்கள், அதன் மறுமுனை கிரவுண்டுக்கு. மின்சாரம் கொடுத்ததும் நல்லெண்ணெயில் அப்பளம் பொரிவது மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும். ரிமோட்டை அழுத்தினால் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கி, 'டர்ர்ர்' என்று ஒரே சீரான ஒலி வரும். அந்த டர்ர்ர் சுத்தமாக வந்தால் ரேடியோ பாகம் முடிந்தது. இப்போது ரிமோட்டை யார் கையிலாவது கொடுத்து வீட்டுக்குள் நடக்கச் சொல்லுங்கள். தம்பி முன்னறைக்குப் போகும்வரை நான் பீசோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முன்னறை எங்கே, இரண்டாவது சுவரிலேயே டர்ர்ர் காணாமல் போனது. நான்கு பென்சில் பேட்டரியை மாட்டிப் பார்த்தேன், வாசல் கேட் வரை கேட்டது. அதுவரை மின்சாரம் கொடுத்த போன் சார்ஜர்தான் திருடன்! மலிவான சார்ஜரின் 5 வோல்ட்டில் ஏறி வரும் இரைச்சல், தூரத்துச் சிக்னலை விழுங்கிவிடுகிறது. அதற்குள் நான் ஆன்டெனாவை ஏழு தடவை மாற்றியிருந்தேன்.

மருந்து எளிது. 5 வோல்ட்டுக்கும் மாட்யூலுக்கு மின்சாரம் ஏறும் விசிசி காலுக்கும் நடுவே ஒரு 47 ஓம் ரெசிஸ்டர். மாட்யூல் பக்கத்தில் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று. பின்னதை மாட்யூலின் காலோடு ஒட்டியே வையுங்கள், இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் பயனில்லை. மாட்யூல் 5 மில்லிஆம்ப் இழுத்தாலும் 47 ஓமில் போவது கால் வோல்ட்கூட இல்லை. சார்ஜரையும் ஆன்டெனாவை விட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

நானோவும் பஸரும்

ரிமோட் சிக்னலைப் படிக்க ஆர்சி-ஸ்விட்ச் என்ற ஆர்டுயினோ லைப்ரரி போதும். அதன் உதாரண நிரலில் 'எனேபிள்ரிசீவ்' என்பதற்குள் 0 என்று இருக்கும். அது கால் எண் இல்லை, இன்டரப்ட் (சிக்னல் மாறியதும் நானோவைத் தட்டி எழுப்பும் வழி) எண். நானோவில் டி2 என்ற காலில் கம்பியைச் சேருங்கள். ரிமோட்டை அழுத்தினால் 24 பிட் நீளத்தில் ஒரு எண் வரும். குறித்து வைத்துக்கொண்டு, நீளமும் எண்ணும் இரண்டும் பொருந்தினால் மட்டும் பஸர் அடிக்கச் சொல்லுங்கள். ஈவி1527-இல் 20 பிட் அடையாள எண், பத்து லட்சத்துக்கு மேல் வாய்ப்பு. பக்கத்து வீட்டு ரிமோட்டோடு மோதாது. பஸரை நேராக நானோவின் காலில் தொங்கவிடாமல் பிசி547 வழியாக ஓட்டுங்கள்.

வெரோபோர்டில் மாட்யூல் ஒரு ஓரம், நானோ எதிர் ஓரம், ஆன்டெனா நானோவுக்கு எதிர்ப்புறமாக நீளட்டும். மொத்தமும் தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், வீட்டு ஆட்டோகேட் (மோட்டாரில் திறக்கும் வாசல் கேட்) ரிமோட்டையே பயன்படுத்தினேன், பீசோவில் அப்பளம் மட்டும்தான் பொரிகிறது என்று எழுதினார். ரிமோட்டைத் திறந்து, உள்ளே பளபளவென்று இருக்கும், அலைவரிசையைத் தீர்மானிக்கும் ரெசனேட்டரின் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 330! நம் ஊர் ஆட்டோகேட்டுகள் பல 330 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. 433 மாட்யூலுக்கு அது காதில் விழாது. 330-க்கான மாட்யூல் வாங்கினால் ஆன்டெனா 22.7 சென்டிமீட்டர். ஆனால் எட்டு சுவிட்சை மேலே, நடுவே, கீழே என்று தள்ளும் ரிமோட் என்றால் மொத்தமே 6561 வாய்ப்புதான். பாட்டி அழைக்க அதை வைத்துக்கொள்ளலாம், கதவு திறக்க நான் வைக்க மாட்டேன்.

இன்னொருவர் மாட்யூலில் சத்தமே இல்லை என்றார். படம் அனுப்பச் சொன்னால், கம்பி டேட்டாவுக்குப் பதில் பக்கத்துக் கால் டெர்-இல் இருந்தது. எழுத்து பொடியாக இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டெர் சும்மா இருக்கட்டும்.

நானே செய்த கடைசிக் கோமாளித்தனம்: எல்லாம் ஓடியதும் அழகுக்காக ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினேன். இரும்பு டின், ஆன்டெனாவும் உள்ளே. பாட்டி அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் பழையபடி கட்டிலைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். இப்போது அம்மாவின் ஊறுகாய் டப்பா ஒன்றில் இருக்கிறது. மூடியில் ஒரு ஓட்டை, அதன் வழியே கம்பி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது.