மிட்ரல் வால்வு பழுதுநீக்க அறுவை சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிட்ரல் வால்வில் கடுமையான கசிவு இருப்பதாக எக்கோ பரிசோதனையில் தெரிந்த பிறகும், "மூச்சு வாங்கினால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் இந்த நோயில் மிகப் பெரிய தவறு. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்களுடன் இருக்கும் இந்த வால்வு சரியாக மூடாதபோது, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் ஒரு பகுதி மேலறைக்கே திரும்புகிறது. அந்தச் சுமைக்கு ஈடுகொடுத்துக் கீழறை மெல்ல விரிந்துகொண்டே போவதால், தொந்தரவு வெளியே தெரிவதற்குள் இதயத்தசை தளர்ந்துவிடக்கூடும். தொந்தரவே இல்லை என்று சொல்பவர்களிலும் சிலர், மாடிப்படியின் பாதியில் நின்று கைபேசியைப் பார்ப்பதுபோல மூச்சைத் தேற்றிக்கொள்கிறவர்கள்தாம்.

எக்கோ அறிக்கையில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதும் இதோடு சேர்ந்ததே. கீழறையில் உள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் இ.எஃப். "இ.எஃப். 60 சதவீதம்" என்ற வரியைக் கண்டதும் அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்த மேலறைக்குள் இரத்தத்தைத் தள்ளுவது கீழறைக்கு எளிது என்பதால், கசிவுள்ள இதயத்தில் இந்த எண் உண்மை நிலையைவிட நன்றாகவே காட்டும். ஆகவேதான், வால்விலேயே கோளாறு இருந்து கசிவும் கடுமையாக இருப்பவருக்கு, அறிகுறி ஏதுமில்லாவிட்டாலும், இ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, சுருங்கிய நிலையில் இடது கீழறையின் விட்டம் 40 மில்லிமீட்டரை எட்டினாலோ அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. மாரடைப்புக்குப் பின் இதயம் விரிந்ததால் வரும் கசிவுக்குக் கணக்கு வேறு.

வால்வை மாற்றுவதற்குச் சம்மதிக்கும் முன், அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்காமல் விடுவது அடுத்த தவறு. தொய்ந்த பின்னிதழில் ஒரு துண்டை வெட்டித் தைப்பது, வால்வின் விளிம்பை வளையம் பொருத்தி இறுக்குவது ஆகிய முறைகளைப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலன் கார்ப்பந்தியே 1983-இல் வெளியான கட்டுரையில் ஒழுங்குபடுத்தித் தந்தார். இதழ்களைப் பிடித்திருக்கும் நாண் அறுந்தால், அதற்குப் பதிலாகக் கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழையைக் கட்டும் முறை பின்னர் வந்தது. இது பழகிய கைக்கு வரும் வேலை என்பதால், இத்தகைய சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பது அவமரியாதை ஆகாது. அதே சமயம், தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்து வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலால் தடித்துச் சுண்ணாம்பு படிந்த வால்வையும் சரிசெய்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பது சரியல்ல. அத்தகைய வால்வில் பழுதுநீக்கம் நீடித்து நிற்பது கடினம்.

வீடு திரும்பிய பின், "சொந்த வால்வுதானே" என்று மருந்துகளை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முதல் சில மாதங்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தந்திருந்தால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்காமல் இருப்பதும், மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவதும் இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். வார்ஃபரினின் வேலையைக் கீரை குறைக்கும் என்றாலும், அதை அடியோடு விட வேண்டியதில்லை. அளவு ஒரே சீராக இருந்தால் போதும். நெஞ்செலும்பைத் திறந்து செய்திருந்தால், அது கூடிவரச் சுமார் மூன்று மாதம் ஆகும் என்பதால், அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவதும் இருசக்கர வண்டி ஓட்டுவதும் கூடாது. ருமாட்டிக் நோய் உள்ளவர்கள் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை அறுவை சிகிச்சை முடிந்தது என்று நிறுத்திவிடக் கூடாது.

உள்ளே பொருத்திய வளையத்தில் கிருமி தங்கக்கூடும் என்பதால், பல் பிடுங்கும் முன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லித் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் புரியாத காய்ச்சல் விடாமல் அடித்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு மருத்துவமனைக்குப் போவது பெரிய பிழை. இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் முன்பே அந்த மாத்திரை உள்ளே போய்விட்டால், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதே அரிதாகிவிடும்.